கணுக்கால் ஜிபிஎஸ் பட்டை: எங்கள் வீட்டில் 94 நாள் இருந்தது, 5க்கு 2 தருகிறேன்

இது யாரும் கடைக்குப் போய் விலை கேட்டு வாங்கும் பொருள் இல்லை. வழக்கில் மாட்டியவர் எங்கே இருக்கிறார் என்று கண்காணிக்க நீதிபதி உத்தரவு போட்டால் காலில் வந்து ஏறிவிடும். அப்புறம் எதற்கு மதிப்புரை என்றால், எங்கள் வீட்டுக்கு இது வந்த அன்று ராத்திரி நானும் என் மனைவியும் இரண்டு மணி வரை உட்கார்ந்து தேடினோம். வக்கீல்கள் எழுதியது கிடைத்தது, கருவி செய்யும் கம்பெனிகளின் விளம்பரம் கிடைத்தது, இதோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள் தமிழில் எழுதியது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நம் ஆட்கள் இதை வெளியே சொல்ல மாட்டார்கள், அது எனக்குப் புரிகிறது. தம்பியிடம் கேட்டு, அவன் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

தம்பி என்றால் சித்தி மகன். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் படிப்பை முடித்து வேலையில் இருந்தவன், ஊர் பெயர் வேண்டாம். குடியிருப்பு வாசலில் நடந்த ஒரு கைகலப்பில் அவன் பெயரும் வழக்கில் சேர்ந்துவிட்டது. அதற்கு முன் அவன் மேல் ஒரு வழக்கும் கிடையாது. நீதிபதி முன் நிறுத்தியபோது வழக்கு முடியும் வரை வீட்டுக் காவல், காலில் ஜிபிஎஸ் பட்டை என்று உத்தரவானது. கூடத் தங்கியிருந்த பையன்கள் அந்த வீட்டு முகவரியைக் கொடுக்கப் பயந்தார்கள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். என் வீட்டு முகவரியைக் கொடுத்தோம், கையெழுத்துப் போட்டேன், அப்படித்தான் எங்கள் வீட்டின் இரண்டாவது படுக்கையறை அவனுக்குச் சிறையானது.

சட்டத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டத்துக்கு நான் 4 நட்சத்திரம் தருவேன், கருவிக்கும் அதை நடத்துகிறவர்களுக்கும்தான் குறைத்திருக்கிறேன். இல்லினாயில் 2023 செப்டம்பர் 18 முதல் பண ஜாமீன் என்பதே கிடையாது. அமெரிக்காவில் அதை முழுசாக எடுத்துவிட்ட முதல் மாநிலம் இதுதான். ஆளுநர் பிரிட்ஸ்கர் 2021 பிப்ரவரியில் கையெழுத்துப் போட்ட சட்டம், கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) அரசுத் தரப்பில் குற்ற வழக்கு நடத்தும் வக்கீல்கள் பலர் எதிர்த்து வழக்குப் போட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள், 2023 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பு சொன்னது. அதற்கு முன்னால் நீதிபதி ஒரு தொகை சொல்வார், பெரும்பாலும் அதில் 10 சதவீதம் நீதிமன்றத்தில் கட்டினால் வெளியே வரலாம். 50,000 டாலர் என்றால் 5,000. கட்ட முடிந்தவன் வீட்டுக்கு, முடியாதவன் ஜெயிலுக்கு, குற்றம் செய்தானா இல்லையா என்பது இரண்டு பேர் விஷயத்திலும் இன்னும் முடிவாகாத நிலையில். அந்த அநியாயம் போனதில் எனக்கு மனசார சந்தோஷம். எங்களால் 5,000 டாலர் புரட்டியிருக்க முடியும், ஆனால் அன்று அதே அறையில் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன், அவர்களில் எத்தனை பேரால் முடிந்திருக்கும் என்று தெரியாது.

அதே சட்டம் இந்தப் பட்டையைப் பற்றியும் பேசுகிறது, நன்றாகவே பேசுகிறது. இதைவிட லேசான நிபந்தனை எதுவும் போதாது என்றால்தான் பட்டை போடலாம். போட்ட பிறகும் 60 நாளுக்கு ஒரு முறை, இன்னும் இது தேவையா, லேசான வழி இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்த்தாக வேண்டும். வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் வெளியே போய் மளிகை வாங்க, வேலை தேட, மருத்துவரைப் பார்க்க, கோயிலுக்குப் போக அனுமதி கொடுத்தாக வேண்டும். வீட்டுக் காவலில் இருந்த ஒவ்வொரு நாளும், நாளைக்குத் தண்டனை வந்தால் அதில் கழிக்கப்படும். படிக்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். இதில் ஒன்றைக்கூட பட்டையைப் பூட்டிய நாளில் எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கையில் ஒரு சார்ஜரையும் ஒரு தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இனி கருவி. கறுப்பு நிறம், சின்ன சோப்புக்கட்டி அளவு, ரப்பர் பட்டைக்குள் ஏதோ இழை ஓடுகிறது, வெட்டினால் உடனே கண்காணிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். குளிக்கலாம். தினமும் இரண்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டும், கழற்ற முடியாது என்பதால் ஆளே சுவரோடு கட்டப்பட்ட மாதிரி உட்கார வேண்டும். தம்பி அதற்கு சாயங்காலம் 6 முதல் 8 வரை என்று நேரம் வைத்துக்கொண்டான், அந்த நேரத்தில்தான் நாங்களும் அவனோடு உட்கார்ந்து பேசுவோம், சாப்பிடுவோம். சார்ஜ் ஏறும்போது சூடாகும், எலும்பு மேல் படும் இடத்தில் தோல் சிவந்து உரிந்தது, உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்துப் பார்த்தோம், அதுவே ஒரு எச்சரிக்கையைக் கிளப்பிவிட்டது. பட்டைக்கும் காலுக்கும் நடுவில் எதுவும் வைக்கக்கூடாதாம். அதையும் போன் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

எங்கள் வீடு பழைய செங்கல் கட்டடத்தின் தரைத்தளம். ஜிபிஎஸ் வானத்தைப் பார்த்து வேலை செய்யும் பொருள், சுவரும் கூரையும் கனமாக இருந்தால் தடுமாறும். தம்பி கட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பான், அவர்கள் திரையில் அவன் எதிர்த் தெருவில் நிற்பான். அதிகாலை 3 மணிக்குக் கால் அதிரும், போன் அடிக்கும், எழுந்து வாசலுக்குப் போய் சிக்னல் வரும் வரை நில் என்பார்கள். ஜனவரி மாதக் குளிர், மைனஸில் இருக்கும், நான் என் கோட்டை அவன் மேல் போட்டுவிட்டு பக்கத்தில் நின்றிருக்கிறேன். 94 நாளில் இப்படி 17 தடவை, என் மனைவி காலண்டரில் குறித்து வைத்தாள். அந்தக் காலண்டர்தான் பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது.

போனில் பேசுகிறவர்கள் மோசமானவர்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு பெண் மட்டும் ஒவ்வொரு தடவையும் "மன்னிக்கணும், என் திரையில் இப்படித்தான் காட்டுது" என்று பொறுமையாகச் சொல்வார். ஆனால் யாருக்கும் எதையும் முடிவு செய்யும் அதிகாரம் இல்லை. வெளியே போக மூன்று நாள் முன்னால் கேட்க வேண்டும், எந்தக் கடை, எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று சொல்ல வேண்டும், பதில் சில சமயம் போக வேண்டிய நேரம் முடிந்த பிறகு வரும். முதல் மூன்று வாரம் அவன் வாசல் தாண்டவே இல்லை, வாரம் இரண்டு நாள் என்பது உரிமை என்று அரசு கொடுத்த வக்கீலம்மா சொல்லித்தான் தெரிந்தது. அவரிடம் எத்தனை வழக்குகள் குவிந்திருக்குமோ, ஆனாலும் அவர் நின்று பேசிய அந்தப் பத்து நிமிஷத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு முதலில் கேட்ட அனுமதி சிகாகோ பக்கத்து லெமாண்ட் ஊர்க் கோயிலுக்கு. குன்றின் மேல் இருக்கும் ராமர் கோயில், சித்திக்கு அங்கே அர்ச்சனை வைக்க வேண்டும் என்று ஆசை, ஊரிலிருந்து தினமும் கேட்டுக்கொண்டே இருந்தார். வேட்டி கட்டினால் கணுக்கால் தெரியும், பேண்ட்டே போட்டுக்கொள் என்றேன். பேண்ட்டில்தான் வந்தான், ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டு சன்னதி முன்னால் விழுந்து கும்பிட்டபோது பேண்ட் மேலே ஏறி எல்லாம் தெரிந்தது. பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா பார்த்தார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஒன்றும் கேட்காமல் தன் கையிலிருந்த பிரசாதத்தில் பாதியைப் பிட்டு அவனிடம் கொடுத்தார். காரில் திரும்பும்போது வழியெல்லாம் பேசாமல் வந்தான். வீடியோ அழைப்பில் சித்தியிடம் காலைக் காட்டாமலே இரண்டு மாதம் ஓட்டினோம், ஒரு நாள் கேமரா சரிந்து தெரிந்துவிட்டது, "என்னப்பா இது, விலங்கா?" என்று கேட்டார். இல்லை சித்தி, ஜிபிஎஸ் என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது 60 நாள் விஷயத்தில். சட்டம் பார்த்தாக வேண்டும் என்கிறது. 60ஆம் நாள் வந்தது, போனது. வழக்கு தள்ளி வைக்கப்பட்டது, மறுபடியும் தள்ளி வைக்கப்பட்டது, பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் எடுக்கவில்லை, கோப்பில் அப்படி ஒரு தேதியே இல்லை. நாங்களும் அவர்களாகவே செய்வார்கள் என்று இருந்துவிட்டோம், அது எங்கள் தப்பு. 80 நாள் தாண்டி வக்கீலம்மாவிடம் காலண்டரைக் கொண்டுபோய்க் காட்டினோம். 17 எச்சரிக்கையில் ஒன்றில்கூட அவன் வீட்டைவிட்டு அனுமதி இல்லாமல் போகவில்லை என்று அவர் எடுத்துச் சொன்னார், நீதிபதி ஐந்து நிமிஷத்தில் கழற்றச் சொல்லிவிட்டார். ஐந்தே நிமிஷம். 34 நாள் தாமதமாக.

கழற்றிய பிறகு என்ன நிபந்தனை தெரியுமா? மாதம் ஒரு முறை போன், ஒவ்வொரு விசாரணைக்கு முன்னும் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி. அவ்வளவுதான். அவன் எல்லா விசாரணைக்கும் அரை மணி நேரம் முன்பே போய் நின்றான், கடைசியில் வழக்கே தள்ளுபடி ஆனது. இந்தக் குறுஞ்செய்தி சாதாரண விஷயம் போலத் தோன்றும். நியூயார்க் நகரத்தில் செய்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது, சம்மன் படிவத்தைப் புரியும்படி மாற்றியதிலேயே வராமல் போகிறவர்கள் 13 சதவீதம் குறைந்தார்கள், நினைவூட்டும் செய்தி அனுப்பியபோது 21 சதவீதம். ஓடிப்போகிறவர்களைவிட தேதியை மறந்தவர்கள், லீவு கிடைக்காதவர்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது, அந்த அறையில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்களிடம் பேசிய வரைக்கும் அப்படித்தான். அதற்குக் காலில் பூட்டு எதற்கு?

ஜெயிலைவிட இது மேல்தானே என்று கேட்பீர்கள். மேல்தான், ஆயிரம் மடங்கு மேல். அவன் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டான், என் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான், வேலையை வீட்டிலிருந்தே பார்க்க விட்டார்கள், அந்த இரண்டு நட்சத்திரமும் அதற்காகத்தான். ஆபத்து உண்மையில் இருக்கும் வழக்குகள் உண்டு, மனைவியை மிரட்டுகிறவன் அவள் வீட்டுப் பக்கம் போனால் உடனே தெரிய வேண்டும், அங்கே இந்தக் கருவியை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஜெயிலுக்குப் போக வேண்டியவனுக்கு இது மாற்றா, வெறுமனே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவனுக்கு இது கூடுதல் சுமையா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும். தம்பி இரண்டாவது வகை. 1983இல் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கியில் ஜாக் லவ் என்ற நீதிபதிதான் இதை முதலில் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார், ஒரு படக்கதையைப் பார்த்து வந்த யோசனையாம், மற்றவர்களுக்குப் போடும் முன் மூன்று வாரம் தன் காலில் கட்டிப் பார்த்தார் என்று படித்தேன். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

யாராவது உங்கள் வீட்டு முகவரியைக் கேட்டால், முடியும் என்றால் கொடுங்கள். கொடுத்த அன்றே 60ஆம் நாளைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 50ஆம் நாளில் வக்கீலைக் கூப்பிடுங்கள். வாரம் இரண்டு நாள் வெளியே போகும் அனுமதியை முதல் வாரத்திலேயே கேளுங்கள், அனுமதி கிடைத்த மின்னஞ்சலை அச்செடுத்து அவர் சட்டைப் பையில் வையுங்கள். ஒவ்வொரு எச்சரிக்கையையும் தேதி, மணி, அப்போது ஆள் எங்கே இருந்தார் என்று எழுதி வையுங்கள். அப்புறம் ஒன்று, அவர்கள் கொடுக்கும் சார்ஜர் வயர் நீளம் போதாது. முதல் நாளே ஒரு எக்ஸ்டென்ஷன் வாங்கிச் சாப்பாட்டு மேஜை வரைக்கும் இழுத்துவிடுங்கள், அந்த இரண்டு மணி நேரம் அவர் சுவரோரம் தரையில் தனியாக உட்கார வேண்டியிருக்காது.