ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 10: காவலன் என்னையே வாசலில் நிறுத்திய இரவு

டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் 12-ஆம் பதிப்பிலிருந்து 13-க்கு மாறினால், தொலைவிலுள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சும் 9.2-இலிருந்து 10.0-க்குத் தாவ வேண்டியிருக்கிறதே, அதில் ஏதேனும் வில்லங்கம் உண்டா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பல மாதங்களாக என் சர்வர் அந்த 10.0 பதிப்பில்தான் ஓடுகிறது. நேற்று மாலைக்குள் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாறச் சொல்லியிருப்பேன்.

இணைப்பைப் பூட்டும் ரகசியச் சாவியை இருபுறமும் ஒத்துக்கொள்ள, பழைய முறையையும் குவாண்டம் கணினிகளுக்கும் ஈடுகொடுக்கும் புதிய முறையையும் சேர்த்துக் கையாளும் கலப்புச் சாவிப் பரிமாற்றம் இப்பதிப்பில் இயல்பாகவே இயங்குகிறது. இணைப்பின் வேகத்தில் இம்மியளவும் வேறுபாடு தெரியவில்லை என்பதே அதற்கு நான் தரும் பாராட்டு. விசைகளை அழுத்தும் இடைவெளியை வைத்து என்ன தட்டச்சு செய்கிறோம் என்று ஊகிக்கவிடாமல், 20 மில்லிவிநாடிக்கு ஒருமுறை என்று சீராகப் பொட்டலங்களை அனுப்பும் ஏற்பாடும் 9.5 முதலே இருக்கிறது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக உள்நுழையப் பயன்படும் சாவிக் கோப்புகளில் டிஎஸ்ஏ என்ற பழைய வகையை அடியோடு நீக்கிவிட்டார்கள். அதற்காக வருந்த ஒன்றுமில்லை.

என் பிரச்சினை 2024 ஜூலையில் வந்த 9.8 பதிப்போடு நுழைந்த தண்டனை முறை. 2006-இல் அடைக்கப்பட்டு 8.5 பதிப்பில் மீண்டும் திறந்துகொண்ட பழைய பாதுகாப்பு ஓட்டையை அடைத்த அதே வெளியீடுதான் இதையும் கொண்டுவந்தது. உள்நுழைவில் தோற்றுத் துண்டித்துக்கொள்ளும் ஒவ்வொரு இணைப்புக்கும் அந்த ஐபி முகவரியின் கணக்கில் 5 விநாடி ஏறுகிறது. சேர்ந்த தொகை 15 விநாடியை எட்டியதும், அது கரையும்வரை அம்முகவரியிலிருந்து வரும் புதிய இணைப்புகள் அனைத்தும் மறுக்கப்படுகின்றன. கடவுச்சொற்களை மாற்றி மாற்றி முட்டிப் பார்க்கும் தானியங்கிகளின் கூச்சலால் நிரம்பி வழிந்த என் லாக் கோப்பு (சர்வரின் நிகழ்வுப் பதிவேடு), இது வந்தபின்தான் மனிதர் படிக்கும் நிலைக்கு வந்தது. அதற்கென்று தனியாக வைத்திருந்த தடுப்பு நிரலையும் நீக்கிவிட்டேன்.

நேற்றிரவு நடந்தது இதுதான். ஏற்கெனவே திறந்திருந்த சாளரத்தில் வேலை தடையின்றி ஓடிக்கொண்டிருக்க, புதிதாகத் திறந்த சாளரம் மட்டும் இணைய மறுத்தது. இரண்டாம் முறையும் மறுத்தது. மூன்றாம் முறை, ஒன்றுமே நடவாததுபோல் உள்ளே விட்டது. கைப்பேசியின் டேட்டாவில் முயன்றால் ஒவ்வொரு முறையும் உடனே இணைந்தது. முழுதாக அறுந்த இணைப்பைக்கூடச் சரிசெய்துவிடலாம். நினைத்தபோது திறந்து நினைத்தபோது மூடும் கதவை என்ன செய்வது? ரூட்டரை இருமுறை அணைத்துப் போட்டு, முக்கால் மணி நேரம் வீணான பிறகே லாக்கைத் திறந்தேன். என் முகவரி, அருகில் 'தோல்வியுற்ற உள்நுழைவு, தண்டனை' என்ற பொருளில் குறிப்பு. அதே வரி பக்கம் பக்கமாக.

குற்றவாளி என் வீட்டிலேயே இருந்தது. சாவிகளை மாற்றியபோது நான் மறந்துபோன ஒரு சிறு கணினி, காப்புப் பிரதி எடுக்கும் ஸ்க்ரிப்டை அன்று மாலை மின்சாரம் வந்ததும் தானே தொடங்கி, பழைய சாவியோடு விநாடிக்கொரு முறை கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒரே ரூட்டருக்குப் பின்னால் இருப்பதால் இருவரும் சர்வருக்கு ஒரே முகவரியாகவே தெரிகிறோம்; அதன் பாவம் என் தலையிலும் விழுந்தது. தவறு என்னுடையது என்பதை மறுக்கவில்லை. இணைப்பு வந்து நிற்கும் கணத்தில் சர்வருக்குத் தெரிவது முகவரி மட்டுமே, ஆளைப் பார்த்து விலக்கு அளிக்க வழியில்லை என்பதும் புரிகிறது. முகவரிகளுக்கு விலக்குப் பட்டியல் உண்டுதான். ஆனால் என் வீட்டு முகவரியோ அடிக்கடி மாறுவது. அதைப் பட்டியலில் எழுதினால், நாளை அதே முகவரி யாருக்குப் போகும் என்று யார் கண்டது?

ஆகவே நண்பருக்கு: மாறுங்கள், ஆனால் அதற்கு முன் உங்கள் பழைய சாவிகள் எந்தெந்த மூலையில் உறங்குகின்றன என்று தேடிப் பாருங்கள். இத்தனை புகழ்ந்த அந்தத் தண்டனை முறையை என் சர்வரில் இப்போதைக்கு அணைத்து வைத்திருக்கிறேன். லாக்கில் பழைய கூச்சல் திரும்பிவிட்டது. கோபம் தணிந்ததும் மீண்டும் போடுவேனாக இருக்கும், இன்றைக்கு இல்லை.