தோள் இறங்கினால் ஸ்லீவும் மாறணும்: க்ளோ 3டியோடு சில வருடங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி சாம்பிள் அறையில் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான அளவு வரைபடம்) போடுகிறேன். சில வருடங்களாக முதல் சாம்பிள் எங்களுக்குத் துணியில் இல்லை, உடையைத் திரையிலேயே தைத்துக் காட்டும் க்ளோ 3டி மென்பொருளில்தான். "தோளை இன்னும் கொஞ்சம் இறக்குங்க" என்று பையர் சொன்னால், பேச்சு முடிவதற்குள் இறக்கிக் காட்டிவிடலாம். வெட்டி, தைத்து, கூரியர் போட்டுக் காத்திருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் திரையில் நிற்கும் பொம்மை மேல் துணியை இழுத்துவிட்டால் மடிப்புதான் நகரும், பேட்டர்ன் அப்படியேதான் இருக்கும். தட்டையான பேட்டர்ன் தெரியும் 2டி பக்கத்தில் கோட்டை மாற்றினால்தான் அளவு மாறும்.

பையர் கேட்ட அந்த டிராப் ஷோல்டரையே (இறங்கிய தோள்) எடுத்துக்கொள்வோம். தோள்முனை 4 செ.மீ. வெளியே போனால் ஸ்லீவ் நீளம் அந்த அளவுக்குக் குறைய வேண்டும், ஸ்லீவ் தலையின் (தோளோடு சேரும் மேல் வளைவு) உயரமும் இறங்க வேண்டும். முன் பின் ஆர்ம்ஹோல் (உடலில் கை சேரும் வளைவு) சேர்ந்து 50 செ.மீ., ஸ்லீவ் தலையின் வளைவு 48 செ.மீ. என்று இருந்தாலும் திரையில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வித்தியாசத்தைத் தையல் நெடுகப் பரப்பிவிடுவதால் பார்க்க அம்சமாகவே இருக்கும். ஓவர்லாக் மெஷினுக்குப் போனதும்தான், "ஏனுங்க மாஸ்டர், ஸ்லீவ் பத்தலீங்களே" என்று குரல் வரும். அதனால் தையல் நீளங்களை எண்ணில் ஒப்பிடாமல் ஃபைலை நான் கட்டிங்குக்கு அனுப்புவதில்லை. இரண்டு துண்டும் எங்கே சேர வேண்டும் என்று காட்டும் நாட்ச் குறிகளையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் ஷ்ரிங்கேஜ், அதாவது துவைத்தால் துணி சுருங்கும் அளவு. 3டியில் துவைத்து முடிந்த அளவையே வைத்துக்கொண்டு, இதைக் கடைசியில்தான் சேர்ப்பேன். முன்னாடியே சேர்த்தால் பொம்மை மேல் டி-ஷர்ட் தொளதொளவென்று நிற்கும், பையர் அதற்கும் ஒரு கமென்ட் போடுவார். உயரம் 72 செ.மீ., துணி 8% சுருங்கும் என்றால் 72ஐ 0.92ஆல் வகுக்க வேண்டும்: 78.3 வரும். 8 சதவீதத்தைக் கூட்டினால் 77.8தான், அரை செ.மீ. போச்சு.

துணியின் இழுவையை அளந்து உள்ளே கொடுத்தால் சிங்கிள் ஜெர்சி (சாதாரண டி-ஷர்ட் துணி) ஓரளவு நிஜம் போலவே விழுகிறது. கழுத்து ரிப் (கழுத்தில் வரும் இழுவைப் பட்டி) விஷயத்தில் மட்டும் எனக்குத் திரை மேல் நம்பிக்கை வரவில்லை, இன்றும் தைத்துத்தான் பார்க்கிறேன்.

ஜாப் ஒர்க் (அடுத்தவர் ஆர்டருக்குக் கூலிக்குத் தைப்பது) மட்டும் எடுக்கிறவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாங்க. சொந்தமாக சாம்பிள் அறை வைத்து பையரோடு நேரடியாகப் பேசுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரோடு சேர்த்து.