தண்ணீர் ஊற்றும் பேட்டரியா, மெயின்டனன்ஸ் ஃப்ரீயா?

மண்டபம், பாம்பன் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு என் ஓட்டு தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்குத்தான். வெயிலில் வற்றினால் மூடியைத் திறந்து, தகடு மூழ்க டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிவிடலாம். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம்; அதிலுள்ள உப்பு தகட்டைக் கெடுத்துவிடும். மெயின்டனன்ஸ் ஃப்ரீயில் அந்த வேலை இல்லை, ஆனால் உள்ளே வற்றினால் ஊற்ற வழியும் இல்லை. பானெட்டே திறக்காதவர்களுக்கு அதுதான் சரி.

உப்புக்காற்று இரண்டையும் விடாது. என் காரில் பேட்டரி டெர்மினல் (ஒயர் மாட்டும் முனை) மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ சத்தம் மட்டும். பேட்டரி போச்சு என்றே நினைத்தேன். முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, சோடா உப்புக் கரைசல் உள்ளே இறங்காமல் தேய்த்துத் துடைத்து, இறுக்கி மாட்டி வாசலின் தடவினேன். அப்புறம் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. மறுநாள் காலை மல்டிமீட்டரில் 12.6 வோல்ட், முழு சார்ஜ்.