சீடியளை ஃப்ளாக்கா மாத்தக் குடுக்கிற ஆக்களுக்கு

அப்பா சேர்த்து வைச்ச நாதஸ்வர, தவில் கச்சேரிச் சீடியள் 46 வீட்டிலை கிடந்தது. காரிலை சீடி போட இடமில்லை, யூஎஸ்பி மட்டும்தான். யப்பான் எழுத்தோடை வந்த பழைய செற்றைக் கழட்டி, ஃப்ளாக் (சத்தத்தின்ரை தரம் குறையாமல் சுருக்கி வைக்கிற பைல் வகை) வாசிக்கிற அன்ட்ரொயிட் செற் ஒண்டு போட்டிருந்தன். அப்ப சீடியிலை இருக்கிற சத்தம் தரம் குறையாமல் யூஎஸ்பி பென்னிலை ஏறவேணும், அவ்வளவுதான் என்ரை ஆசை.

யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ளை ஒரு கடை. பேர் சொல்லேல்லை. "ஒரு சொட்டும் குறையாது அண்ணை, லொஸ்லெஸ்" எண்டான் அங்கை நிண்ட பெடியன். சீடி ஒண்டுக்கு 150 ரூபா. பில் கேக்காமல் வந்தது என்ரை மொக்குத்தனம். நாலாம் நாள் பென் கைக்கு வந்திட்டுது. எல்லாப் பைலின்ரை வாலிலையும் ஃப்ளாக் எண்டு கிடக்கு, பெரிய ஆலாபனையள் எல்லாம் 80, 90 மெகாபைற். வேறை என்ன பாக்கிறது?

அடுத்த கிழமை மாமாவோடை கிளிநொச்சிக்குப் போனன். மாமா இணுவிலார், சின்ன வயசிலை தவில் பழகினவர். ஆனையிறவு மட்டும் வாய் திறக்கேல்லை. பிறகு கேட்டார்: "உந்தத் தாளம் போடுறவன் தண்ணிக்குள்ளை இருந்தே போடுறான்?"

உண்மைதான். தாளம் "ணங்" எண்டு விழாமல் "ஸ்ஸ்" எண்டு கரைஞ்சு போகுது. கடையிலை சொன்னன். "பைல் சரி, உங்கட கதவு ஸ்பீக்கர்தான் பழசு" எண்டார் முதலாளி. அவரே காட்டின சோடியை 32,000 ரூபாவுக்கு வாங்கிப் பூட்டினன். இப்ப அந்த "ஸ்ஸ்" இன்னும் வடிவாக் கேக்குது! நல்ல ஸ்பீக்கர் பிழையையும் நல்லாத்தானே காட்டும்.

கடைசியிலை மருமகன் வந்து ஸ்பெக் எண்ட இலவச மென்பொருளிலை பைலைத் திறந்தான். அது சத்தத்தைப் படமாக் காட்டும். சீடி ஒரு செக்கனுக்கு 44,100 தரம் அளந்து பதியிறபடியாலை அதிலை 22 கிலோஹேர்ட்ஸ் (சத்தம் எவ்வளவு கீச்செண்டு இருக்கெண்ட அளவு) வரைக்கும் சத்தம் இருக்கேலும். எங்கட பைலிலை 16இலை மதில் கட்டின மாதிரி நேராய் வெட்டு, அதுக்கு மேலை ஒண்டுமில்லை. எம்பி3 எண்டது பைலைச் சின்னனாக்கச் சத்தத்திலை கொஞ்சத்தை எறியிற வகை; 128 கிலோபிற் எம்பி3 வழக்கமா அப்பிடித்தான் மேலை வெட்டும். அதே சீடியிலை இருந்து அவன் நேரே கணினிக்கு எடுத்துப் பாத்தான், மதிலைக் காணேல்லை. (இந்த ஒப்பீடு முக்கியம். பழைய கசெற்றிலை இருந்து வந்த சீடியிலை மேல்சத்தம் முதலே குறைஞ்சிருக்கலாம், அதுக்குக் கடையைக் குறை சொல்லேலாது.)

விசயம் இதுதான்: முதல் எம்பி3 ஆக்கி, பிறகு அந்த எம்பி3யை ஃப்ளாக் ஆக்கியிருக்கினம். பால்மாவைக் கரைச்சுப் பசுப்பால் போத்திலுக்குள்ளை ஊத்தின கதை. ஃப்ளாக் குடுத்ததைக் குறையாமல் வைச்சிருக்கும், ஏற்கெனவே போனதைக் கொண்டுவராது. ஆனால் பைல் மட்டும் பெருக்கும். நான் ஏமாந்தது அந்தப் பருமனைப் பாத்துத்தான்.

முதலாளியிட்டைப் படத்தைக் காட்டினன். "ஃப்ளாக் கேட்டியள், ஃப்ளாக்தானே தந்தனான்?" எண்டார். எல்லாருக்கும் அப்பிடித்தானாம், கெதியா முடியுமாம். காசு திரும்ப வரேல்லை. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977க்கு அடிக்கலாம் எண்டு மருமகன் சொன்னான், என்ன பில்லைக் காட்டிறது?

ஆருக்கும் குடுக்கிறதெண்டால் முதல் ஒரு சீடியை மட்டும் குடுத்து, அதைப் படத்திலை பாத்திட்டு மிச்சத்தைக் குடுங்கோ. ஏலுமெண்டால் நீங்களே செய்யுங்கோ. சீடியிலை இருந்து பைல் எடுக்கிற எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி எண்ட மென்பொருள் இலவசம், சீடி ட்ரைவ் ஒண்டை இரவல் வாங்கினன், பின்னேரங்களிலை மூண்டு கிழமை எடுத்துது. எல்லாம் சேர்த்து 14 கிகாபைற்றுக்குள்ளை அடங்கிச்சுது. ஒரு கரைச்சல், என்ரை 64 கிகாபைற் பென் எக்ஸ்ஃபற் எண்ட ஃபோர்மற்றிலை இருந்ததாலை செற் அதைக் கண்டுகொள்ளேல்லை. ஃபற்32க்கு மாத்தினாப் பிறகுதான் வாசிச்சுது.

44 சீடி முடிஞ்சுது. ரெண்டு உறை வெறுமையாத்தான் கடையிலை இருந்து திரும்பி வந்திருக்கு, எண்ணிப் பாக்காமல் வாங்கினது நான்தான். "தேடிப் பாக்கிறன்" எண்டு சொல்லி முதலாளி ரெண்டு மாசம். மாமா காரிலை ஏறினவுடனை கேக்கிறது அந்த ரெண்டிலை ஒண்டைத்தான். அதுக்கு என்னட்டை இருக்கிறது அந்தத் தண்ணித் தாளம் மட்டும்தான்.