வாட்ஸ்அப்பில் வந்த வாயுப் பொடி: ஏமாந்த கதை

ரெண்டு டப்பா 1,450 ரூபாய், கூரியர் இலவசம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேட்கிற எல்லாரும் விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள், அப்புறம் "இவ்வளவு படிச்சும் ஏமாந்தியா" என்கிறார்கள். ஆமாம், ஏமாந்தேன்.

ஒரு வருடமாகவே எனக்குச் சாயங்காலம் ஆனால் வயிறு உப்பிசம். மத்தியானம் சாப்பிட்டது கல்லு மாதிரி நிற்கும். ஏப்பம் வந்தால் கொஞ்சம் இறங்கும், வராவிட்டால் சேலைக் கட்டைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த சமயத்தில் ஃபேஸ்புக்கில் ஒரு வீடியோ. ஓமம், சீரகம், சுக்கு, பெருங்காயம், இந்துப்பு எல்லாவற்றையும் வாழை இலையில் பரப்பி வைத்து, ஒரு அம்மா உரலில் இடிக்கிறார். எல்லாம் நம் அடுக்களையில் இருப்பதுதானே, இதில் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று அதிலிருந்த வாட்ஸ்அப் நம்பரில் வாயுப் பொடி கேட்டுப் பணத்தை அனுப்பிவிட்டேன்.

ராத்திரி படுக்கும்முன் ஒரு ஸ்பூன், வெந்நீரில். மறுநாள் காலையில் மூன்று தடவை போயிற்று, வயிறு சப்பென்று ஆகிவிட்டது. சந்தோஷத்தில் "ரொம்ப நல்லா கேக்குதுங்க" என்று வாய்ஸ் மெசேஜ் வேறு அனுப்பினேன். அதைப் பொடி விற்றவர்கள் ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டார்கள். என் குரலைக் கேட்டு எத்தனை பேர் வாங்கினார்களோ, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மூன்றாவது வாரம் அடிவயிற்றை முறுக்க ஆரம்பித்தது. சிறுநீர் செம்பழுப்பாகப் போனது. நடுராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு எழுந்து உட்காருவேன். கேட்டால், "கழிவு வெளியேறுதும்மா, விடாம சாப்பிடுங்க" என்று பதில். பயந்து ரெண்டு நாள் நிறுத்தினேன், வெளிக்கே போகவில்லை, உப்பிசம் பழையதைவிட அதிகம். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஏதாவது பொடி சாப்பிடுறீங்களா?"

டப்பாவை எங்கள் தெரு நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையில் கொட்டி, மோந்து பார்த்து, நுனி நாக்கில் வைத்துத் துப்பினார். "ஓமம் வாசனைக்குத்தான்க்கா, மத்ததெல்லாம் நிலாவரை." நிலவாகை என்றும் சொல்வார்கள். எங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வறண்ட காட்டில் விளைந்து 'தின்னவேலி சென்னா' என்ற பெயரில் வெளிநாடு போகிற அதே இலை. நல்ல பேதி மருந்து, மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் கொடுப்பார்கள், ஆனால் டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. பெருங்குடலைத் தூண்டிவிட்டு ஆறேழு மணி நேரத்துக்கு அப்புறம் வேலை செய்யும், அதனால்தான் ராத்திரி சாப்பிடச் சொல்கிறார்கள். ஆக வாயு குறையவே இல்லை, குடல் காலியானதால் வயிறு சின்னதாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். அவர் கடையில் அதே பொடி நூறு கிராம் ஐம்பது ரூபாய்.

டப்பாவை அப்புறம்தான் ஒழுங்காகப் பார்த்தேன். '100% மூலிகை' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. என்னென்ன சேர்த்தது, எந்த அளவு, தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தேதி, ஒன்றுமே இல்லை. சித்த மருந்தாக விற்றால் இதெல்லாம் லேபிளில் இருந்தே ஆக வேண்டும். பணத்தைக் கேட்டதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் யாரும் அழித்துவிடாதீர்கள்.

சரி, உப்பிசம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். டாக்டர் ரெண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். ஒரு நாளைக்கு நாலு டீ குடிக்கிற ஆள் நான், பால் செரிக்காமல் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாதிக்கு மேல் அதிலேயே குறைந்துவிட்டது. மோர் குடித்தால் ஒரு தொந்தரவும் இல்லை. கொண்டைக்கடலையை ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவைக்கிறேன். கடலையில் நம்மால் செரிக்க முடியாத ஒரு சர்க்கரை இருக்கிறது, பெருங்குடலில் போய்ப் புளித்து அதுதான் வாயுவாகிறது, ஊறவைத்த தண்ணீரோடு கொஞ்சம் போய்விடுமாம். சாப்பிட்டதும் படுக்காமல் தெருமுனை வரை ஒரு நடை. என்றைக்காவது திம்மென்று இருந்தால் அரை ஸ்பூன் ஓமத்தைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறேன், இதமாக இருக்கிறது, அதற்கு மேல் அதைப் புகழ மாட்டேன். எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ இந்த வைத்தியமெல்லாம் வேண்டாம். நெஞ்சை அடைத்து வியர்த்துக் கொட்டினால் வாயுப் பிடிப்பு என்று ஓமத்தண்ணி போட்டுக்கொண்டு நிற்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ரெண்டாவது டப்பாவைப் பிரிக்கவில்லை, புகாருக்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று பரண்மேல் வைத்திருந்தேன். நேற்று அம்மா, "வயிறு கட்டிக்கிட்டா அரை ஸ்பூன் போட்டுக்கிறேனே, 700 ரூபாயை வீணாக்கணுமா?" என்று கேட்டாள். இப்போது அது என் ஆபீஸ் மேஜை டிராயரில் பூட்டி இருக்கிறது.