ஃபவுண்டேஷன் வாங்கும் முன்: டெஸ்டரா, சாம்பிளா, மொபைல் கேமராவா?

போன ஆவணியில் தம்பி கல்யாணத்துக்காக, முக நிறத்தைச் சீராகக் காட்டப் பூசும் ஃபவுண்டேஷன் ஒன்று வாங்கினேன். தி.நகர் கடை ஒன்றில் கவுண்டரில் நின்ற பெண் என் மணிக்கட்டில் மூன்று கோடு இழுத்து, நடுவில் இருந்ததைக் காட்டி, "இது உங்களுக்கு கரெக்டா இருக்கும் மேம்" என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. 30 மில்லி பாட்டில், 800 ரூபாய். கல்யாணத்தன்று விடியற்காலை ஐந்து மணிக்குப் பூசியபோதுகூட நன்றாகவே இருந்தது. ஒன்பது மணி முகூர்த்தத்தில் அம்மா பக்கத்தில் வந்து, "என்னடி, கழுத்து ஒரு கலரு, மூஞ்சி ஒரு கலரு?" என்று காதைக் கடித்தாள். ஆல்பம் முழுக்கச் செங்கல் நிறத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் கடையில் தடவிப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டர், வீட்டுக்கு எடுத்துப் போகும் சாம்பிள், மொபைல் கேமரா என்று மூன்று வழியையும் முயன்று பார்த்தாகிவிட்டது. என் ஓட்டு சாம்பிளுக்குத்தான்.

மொபைலில் முகத்தைக் காட்டினால் ஷேடு சொல்லும் வசதியை ரொம்ப நம்ப வேண்டாம். ஜன்னல் பக்கம் நின்றால் ஒரு ஷேடு, டியூப்லைட் அடியில் நின்றால் இன்னொன்று. லிப்ஸ்டிக்குக்குச் சரி. நாற்பது ஷேடில் நாலைப் பொறுக்கி எடுக்கவும் உதவும். அதோடு அதன் வேலை முடிந்தது.

கடை டெஸ்டரின் நல்லது எல்லோருக்கும் தெரியும்: காசு கிடையாது, எல்லா ஷேடும் கண் முன்னால் இருக்கும். மணிக்கட்டின் உள்பக்கம் வெயில் படாமல் முகத்தைவிட வெளுப்பாக இருப்பதால், தாடை எலும்பு ஓரமாக, கழுத்தும் முகமும் சேரும் இடத்தில் தடவிப் பார்க்க வேண்டும். பத்துப் பேர் தொட்ட டெஸ்டரை நேராக முகத்தில் வைக்காமல் ஒரு பட்ஸில் எடுத்துக்கொள்வது நல்லது. தடவியதும் பில் போடாமல் வெளியே வந்துவிட வேண்டும். "ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான்" என்பார்கள். அடுத்த வாரம் போனாலும் அதே ஆஃபர்தான் இருக்கும்.

என்னைச் சாம்பிள் பக்கம் சாய்த்தது ஒரே விஷயம்: நேரம் ஆக ஆக நிறம் மாறுவது. ஃபவுண்டேஷனின் நிறம் பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகளிலிருந்து வருகிறது. துரு இருக்கிறதே, அந்த வகையறா. பூசியதும் அதில் உள்ள தண்ணீரும் சீக்கிரம் ஆவியாகும் சிலிக்கோனும் போய்விடும். நிறமி மிஞ்சும். அதில் நம் முக எண்ணெயும் ஊறினால், காய்ந்த மணலில் தண்ணீர் பட்டதுபோல நிறம் கூடிவிடும். சென்னைப் புழுக்கத்தில் எனக்கு இரண்டு மணி நேரம் போதும். கவுண்டரில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் இது எப்படித் தெரியும்?

சாம்பிள் கையில் இருந்தால் ஒரு வேலைநாள் முழுக்கப் பார்க்கலாம். நான் வழக்கமான சன்ஸ்கிரீனைப் போட்டு, அது காய்ந்த பிறகு வலது தாடையில் ஒரு ஷேடு, இடது தாடையில் இன்னொன்று தடவிக்கொண்டு ஆபீஸ் போய்விடுவேன். பத்து மணிக்கு ஜன்னலோரம் ஒரு செல்ஃபி, சாப்பிட்டதும் ஒன்று, மாலை பஸ் ஸ்டாப்பில் ஒன்று. போன மாதம் காலையில் தோற்ற ஷேடு மதியம் ஜெயித்தது. அரை ஷேடு வெளுப்பாகத் தெரிந்தது, இரண்டு மணிக்குக் கழுத்தோடு கலந்து காணாமல் போயிருந்தது. கடையில் என்றால் அதை வேண்டாம் என்று தள்ளியிருப்பேன்.

சாம்பிளிலும் தொல்லை உண்டு. சாம்பிளாக வரும் சின்னப் பாக்கெட், அதாவது சாஷே, எல்லா ஷேடிலும் வராது. மாநிறத்தைவிடக் கறுப்பாகப் போகப் போகக் கிடைப்பது குறைவு. பிரித்த சாஷேயை மடித்துக் கிளிப் போட்டு வைத்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் இப்போது சின்ன ட்யூப்தான் வாங்குகிறேன். மேபெலின் ஃபிட் மீ போல சிலது 18 மில்லி ட்யூபிலும் வருகிறது. மில்லிக் கணக்கு போட்டால் சின்னதில் பெரும்பாலும் விலை கூடுதல்தான். ஆனால் திறந்த பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பது நம் ஊர்க் கடைகளில் நடக்கிற காரியமா? விசேஷத்துக்கு மட்டும் பூசுகிறவர்களுக்கு 18 மில்லியே ஒரு வருஷம் ஓடும்.

சில கவுண்டர்களில் கேட்டால் டெஸ்டரிலிருந்தே கொஞ்சம் ஊற்றித் தருகிறார்கள். காலியான கான்டாக்ட் லென்ஸ் டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு குழியில் இரண்டு ஷேடு. மூன்று கடையில் கேட்டு ஒன்றில்தான் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது எண்ணெய் வடியும் முகம். வறண்ட சருமம் உள்ள என் தோழி டெஸ்டரோடு நிறுத்திக்கொள்கிறாள், அவளுக்கு நிறமும் அவ்வளவாக மாறுவதில்லை. ஆயிரக்கணக்கில் விலை போகிற பாட்டில்களையும் நான் பூசிப் பார்த்ததில்லை. தையில் சித்தி பெண்ணுக்குக் கல்யாணம். வலது தாடைக்காரி ஜெயித்தாயிற்று, ஃபிளாஷ் அடித்து ஒரு போட்டோ மட்டும் பாக்கி. சன்ஸ்கிரீன் மேல் அது வெள்ளை அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கப் போகிறேன்.