கோவை மில் வரலாறு தேடுவோருக்கு ஹன்சார்டு தளம் எவ்வளவு உதவும்?

லண்டன் நாடாளுமன்றத்தில் பேசியதைத் தொகுத்து வைத்திருக்கும் ஹன்சார்டு இணையதளம், கொங்குப் பகுதிப் பஞ்சாலைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டியது. காசு கிடையாது, பதிவு செய்யவும் தேவையில்லை. ஆனால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரியாமல் உள்ளே போனால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கைக்கு ஒன்றும் சிக்காது.

தளம் இரண்டு இருக்கிறது. 1803 முதல் 2005 வரையிலான தொகுதிகளை எழுத்தாக்கி வைத்த பழையது ஒன்று. இன்றைய கூட்டம்வரை சேர்த்துக்கொண்டே வரும் புதியது இன்னொன்று. சொல்லை வைத்துத் தேடப் புதியதே நல்லது. தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டையும் முதலில் போட்டுவிட்டுத்தான் சொல்லை அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய விவாதங்கள் கண்ணில் படாமலே போகும். தேதி தெரிந்திருந்தால் பழைய தளம்தான் வேகம். முகவரியில் சபையின் பெயர், ஆண்டு, மாதத்தின் முதல் மூன்று ஆங்கில எழுத்து, தேதி என்று சாய்கோடு போட்டு அடித்தால் அன்றைய விவாதப் பட்டியல் வந்து நிற்கும். வெறும் எழுத்துப் பக்கம் என்பதால் தாளவாடி மாதிரி சிக்னல் மந்தமான இடத்திலும் திறக்கும்.

முதலில் படிக்க வேண்டியது 1895 பிப்ரவரி 21, காமன்ஸ் சபை (தேர்தலில் ஜெயித்தவர்கள் உட்காரும் கீழ்சபை), இந்தியப் பருத்தி வரி விவாதம். பின்னணி இதுதான். 1894 டிசம்பரில் இந்திய அரசு, இறக்குமதியாகும் பருத்தி நூலுக்கும் துணிக்கும் 5 சதவீத வரி போட்டது. இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சுற்றியுள்ள பருத்தி ஆலைப் பகுதியான லங்காஷயரின் மில்காரர்கள் விடுவார்களா? அவர்களைச் சமாதானப்படுத்த, இந்திய மில்களில் 20-ம் நம்பருக்கு மேல் (நம்பர் கூடக் கூட நூல் மெலிசு) நூற்கிற நூலுக்கும் அதே 5 சதவீதம் கலால் வரி வந்தது. கோவையில் ஸ்டேன்ஸ் மில் நிறுவப்பட்டு (1888) ஏழு வருடம்கூட ஆகாத காலம் அது. அப்படியும் லங்காஷயருக்கு மனம் ஆறவில்லை. பருத்தி ஊரான பரியின் உறுப்பினர் சர் ஹென்றி ஜேம்ஸ் சபையில் பிரச்சினையைக் கிளப்பினார். இந்தியாவுக்கான அமைச்சர் ஹென்றி ஃபவுலர், இந்தச் சபையில் இருக்கும் ஒவ்வொருவரும் இந்தியாவுக்கும் உறுப்பினர்தான் என்று சொல்லி எதிர்த்து நின்றார். ஜேம்ஸ் கொண்டுவந்த தீர்மானம் பெரிய வித்தியாசத்தில் தோற்றது.

அதோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான். அதே வருடம் ஆட்சி மாறி, லார்டு ஜார்ஜ் ஹாமில்டன் இந்தியாவுக்கான அமைச்சராக வந்தார். 1896-ல் நூலுக்கு வரியே இல்லை என்றாயிற்று; இறக்குமதித் துணிக்கு 3.5 சதவீதம், இந்திய மில் துணிக்கும் 3.5 சதவீதம். கைத்தறித் துணிக்குக் கலால் கிடையாது. பவானி, சென்னிமலைத் தறிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு 1917 மார்ச் விவாதத்துக்குப் போகலாம். இறக்குமதி வரி 7.5 ஆக உயர்ந்து கலால் மட்டும் 3.5-லேயே நின்றபோது லங்காஷயர் உறுப்பினர்கள் போட்ட கூச்சல் அதில் இருக்கிறது. கலால் வரி ஒழிந்தது 1926-ல்தான். இந்த வரிசையில் படித்தால், மான்செஸ்டர் பக்கத்து ஓட்டுக்கும் நம் மில் வாசலுக்கும் இருந்த தொடர்பு தெளிவாகப் புரியும். இதை வேறெந்த இலவசத் தளத்திலும் இவ்வளவு நேரடியாகப் பார்க்க முடியாது.

இனி எச்சரிக்கை. 1909-க்கு முந்தைய ஹன்சார்டு, சபையின் சொந்தச் சுருக்கெழுத்தாளர்கள் எடுத்தது அல்ல. பெரும்பாலும் பத்திரிகைச் செய்திகளிலிருந்து தொகுத்தது. பெரிய தலைவர்கள் பேச்சு விரிவாக இருக்கும், சின்ன உறுப்பினர் பேச்சு ‘அவர் இன்னின்னது சொன்னார்’ என்று நாலு வரியில் முடிந்துவிடும். 1890-களின் பக்கங்களில் சில பெயர்களுக்கு முன் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். பேசியவரே திருத்திக் கொடுத்த உரை என்று அர்த்தம். சபையில் வாய்தவறி வந்தது அதில் இருக்காது என்று வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். இந்திய பட்ஜெட் விவாதம் கூட்டத்தொடரின் கடைசியில், காலி இருக்கைகளுக்கு நடுவே நடப்பது வழக்கம். ஆகவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை விடாமல் பாருங்கள்.

ஸ்கேனில் எழுத்து மாறிப்போன இடங்களும் நிறைய. சபையில் எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்ற பெயர்ப் பட்டியலை அப்படியே நம்பக்கூடாது. ஊர்ப் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று முடிவு கட்டவும் கூடாது. கோயமுத்தூரைக் கடைசியில் இரண்டு ஓ போட்டு ‘Coimbatoor’ என்றும் தேடிப் பாருங்கள்.

திப்பு காலத்தைத் தேடி வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். சேலம், பாராமகால் (கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம்) கைமாறிய 1792 ஒப்பந்தமும், கோவை கம்பெனி கைக்குப் போன 1799-ம் இந்தத் தொகுப்பு தொடங்குவதற்கு முந்தியவை. தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805. ஆண்டு பொருந்தினாலும் அதற்கு இங்கே தேட வேண்டாம். கலெக்டர்கள் எழுதிய கடிதங்களும் கம்பெனிப் பதிவுகளும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பிலும்தான் இருக்கின்றன.

எடுத்ததை எழுதும்போது இணைய முகவரியை மட்டும் கொடுத்தால் போதாது. சபை, தேதி, தொடர் (series), தொகுதி எண், பத்தி (column) எண் ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்தி எண் என்பது பக்க எண் அல்ல; அச்சில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பத்தி. 1909 முதல் காமன்ஸ் சபைக்கும் பிரபுக்கள் சபைக்கும் தனித்தனித் தொகுதி வரிசை என்பதால், சபைப் பெயரை விட்டுவிட்டால் படிப்பவர் வேறொரு புத்தகத்தைத்தான் புரட்டுவார்.